கதவைச் சாத்திவிட்டு அளப்பவர்

அறைக்குள் நுழைந்ததும் முதல் காரியமாகக் கதவைச் சாத்துகிறார். குளியலறைக் கதவையும் சாத்துகிறார். சன்னல் திரையை இழுத்து விடுகிறார். பிறகு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றி, காலைத் தூக்கி மேலே போட்டுக்கொண்டு தலையணையில் சாய்கிறார். பார்க்கிறவர்கள் தூங்க வந்தவர் என்றுதான் நினைப்பார்கள். கையில் ஒரு பழைய போன். அதன் முகத்தில் மூலைக்கு மூலை விரிசல். அதை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று வாய்க்குள் எண்ணுகிறார். எண்ணி முடித்ததும் எழுந்து, கதவு நிலையில் சாக்பீஸால் ஓர் எண்ணைக் கிறுக்கிவிட்டு, அடுத்த அறைக்குப் போய் அந்தக் கதவையும் சாத்துகிறார்.

என் விடுதியில் முப்பத்து நான்கு அறைகள். முப்பத்து நான்கு கட்டிலிலும் படுத்து எழுந்தவர் இந்த உலகத்தில் இவர் ஒருவர்தான். கட்டிய நானே படுத்ததில்லை.

இவர் வேலை, விடுதிகளுக்கு வைஃபை போட்டுக் கொடுப்பது. என் பணியாளர்கள் இரண்டாம் நாளே "கதவக்கா" என்று பெயர் வைத்துவிட்டார்கள். காதில் விழுந்தும் கோபித்துக்கொள்ளவில்லை. மூன்றாம் நாள் போன் செய்தபோது, "நான் கதவக்கா பேசறேங்க" என்றார்.

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். செங்கல் சுமந்தேன், கொத்தனார் ஆனேன், மேஸ்திரி ஆனேன். அடுத்தவனுக்கு நாற்பது கட்டடம் கட்டிக் கொடுத்த பிறகு, எனக்கென்று இந்த மூன்று மாடியை எழுப்பினேன். உள் சுவரெல்லாம் முக்கால் அடி. பக்கத்து அறையில் இடி விழுந்தாலும் இந்த அறையில் இருப்பவர் புரண்டு படுக்க மாட்டார். தற்பெருமை பேசக் கூடாது என்பார்கள். உழைத்தவன் பேசாமல், ஊரான் வந்தா பேசுவான்?

அந்தச் சுவர்தான் என் காலை வாரியது, சத்தத்தோடு வைஃபை சிக்னலையும் அது தடுத்தது. ஓர் அலுவலகத்தார் ஆறு மாதத்துக்கு இருபது அறைகள் கேட்டு வந்தார்கள். அவர்கள் ஆட்கள் அறைக்குள்ளேயே உட்கார்ந்து வீடியோ காலில் வேலை செய்கிறவர்கள். ஒரே ஒரு நிபந்தனை. ஒரு வியாழக்கிழமை பத்து மணிக்கு இருபது பேர் வருவார்கள். ஆளுக்கோர் அறையில் கதவைப் பூட்டிக்கொண்டு, எல்லோரும் ஒரே நேரத்தில் அரை மணி நேரம் பேசுவார்கள். ஓர் அறையில் பேச்சு அறுந்தாலும் எதிர்ச்சாரியில் இருக்கும் கண்ணாடிக் கட்டடத்துக்குப் போய்விடுவார்கள். அவர்கள் வராவிட்டால் மூன்றாம் மாடியை நான் பூட்ட வேண்டியதுதான். மாடியைப் பூட்டினால் அதைக் கூட்டித் துடைக்கும் நான்கு பேரை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அந்த நான்கு பேரும் என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார்கள்.

முதலில் வந்தவர் டை கட்டிய ஒருவர். அறைக்கு ஒரு வைஃபை பெட்டி, முப்பத்து நான்கு பெட்டி, சுவரைக் கொத்தி வயர் இழுக்க ஒரு மாதம் என்றார். என் கையில் இருந்தது அவர் சொன்ன தொகையில் மூன்றில் ஒரு பங்கு. மறுநாள், ரிசப்ஷனில் உட்காரும் என் மனைவி, "துணி தைக்கக் குடுக்கற கடைக்காரரோட வீட்டுக்காரம்மா இந்த வேலைதான் செய்யறாங்களாம், வரச் சொல்லிட்டேன்" என்றாள்.

"தையல்காரர் பெண்டாட்டி வந்தா எனக்கு வைஃபை போடணும்?"

"செங்கல் தூக்கினவர் ஓட்டல் நடத்தலையா? நான் வாயை மூடிட்டுப் பார்த்துட்டு இல்லையா?"



வந்தவர் என்னிடம் வரைபடம் கேட்பார் என்று எடுத்து வைத்திருந்தேன். அவர் என்னைத் தாண்டி நேரே மாடிக்குப் போய், பன்னிரண்டு வருடமாக அறைகளைத் துடைக்கும் அம்மாளின் பக்கத்தில் படியில் உட்கார்ந்தார்.

"அக்கா, காலையில ரூமைத் திறக்கறப்போ எந்தெந்த ரூம்ல நாற்காலி இடம் மாறிக் கிடக்கும்?"

அந்த அம்மாள் துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு யோசித்தார். "எதுக்குக் கேக்கற தங்கச்சி? ஏழு, ஒம்பது, பத்தொம்பது... சன்னல் கிட்ட போட்ட நாற்காலி கதவு கிட்ட வந்து கிடக்கும். முப்பதுல பாத்ரூம் வாசல்ல கிடக்கும். நான் தினமும் இழுத்து இழுத்துப் போடறேன். அது என்னமோ கால் முளைச்ச மாதிரி திரும்பி வருது."

சிக்னலைத் தேடி வாசலுக்கு வந்து உட்கார்ந்தவர்களின் கதை அது. பன்னிரண்டு வருடம் நாற்காலியை இழுத்துப் போட்ட அம்மாளுக்கும் தெரியவில்லை, முதலாளி என்று சட்டைப் பையில் பேனா குத்திக்கொண்டு திரிந்த எனக்கும் தெரியவில்லை. இவர் நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் மூன்று மாடியையும் வரைந்து, நாற்காலி நகரும் அறைகளுக்கெல்லாம் ஒரு புள்ளி வைத்தார். "மெஷின் ஆயிரம் சொல்லும். நாற்காலி பொய் சொல்லாதுங்க."

விரிசல் விட்ட அந்தப் போன் அவர் மகள் கீழே போட்டது. நல்ல போன் ஒன்று கைப்பையில் இருக்கிறது. கட்டிலில் படுத்துச் சிக்னல் அளக்க மட்டும் அதை எடுப்பதில்லை. "புது போன்ல எங்க நின்னாலும் காட்டும். வர்றவங்க எல்லாம் புதுசா வெச்சிருப்பாங்க? இந்தக் கிழத்துக்கு வந்தா எல்லாருக்கும் வரும்." என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. ஆனாலும் என் மனைவி சிரித்தாள். போனுக்குக் கணவர் தைத்துக் கொடுத்த உறை ஒன்று இருக்கிறது, சாக்பீஸுக்குத் தனிப் பையோடு.

கதவைச் சாத்தும் பழக்கம் அவருக்கு அடிபட்டு வந்தது. கேபிள் டிவி காலத்தில் மொட்டை மாடி மொட்டை மாடியாக வயர் இழுத்துத் தொழில் கற்றவர். தனியாக எடுத்த முதல் வேலை ஒரு சின்ன விடுதி. ஆளில்லாத பகலில், காற்றுக்காக எல்லாக் கதவையும் திறந்து வைத்துவிட்டு அளந்திருக்கிறார். அருமையாக வந்திருக்கிறது. திறப்பு விழாவன்று ஆட்கள் வந்தார்கள், மனிதர்கள் செய்வதைச் செய்தார்கள், அதாவது கதவைச் சாத்திக்கொண்டார்கள். பாதி அறையில் ஒன்றும் வரவில்லை. விடுதிக்காரர் பெட்டியைப் பிடுங்கி வாசலில் எறிந்தார். "எடுத்துத் துடைச்சு, எட்டு நாள் சும்மாவே உழைச்சு சரி பண்ணிக் குடுத்தேங்க. அன்னைலேர்ந்து கதவு திறந்திருந்தா எனக்குக் கையே ஓடாது."

எங்களுக்குள் சண்டை வராமல் இல்லை. நாலு கொம்பு வைத்த பெரிய பெட்டியை ரிசப்ஷனில் எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்க வேண்டும் என்றேன். "அது பாக்கறதுக்கா, பேசறதுக்கா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். எல்லாப் பெட்டியையும் முழு பலத்தில் திறந்து விடச் சொன்னேன். காசு கொடுத்து வாங்கியதை எதற்குக் கட்டி வைக்க வேண்டும்?

"பெட்டி கத்தினா போனுக்குக் கேக்கும். போன் மெதுவாத்தான் பேசும், அது பெட்டிக்குக் கேக்க வேணாமா? பன்னெண்டும் சேர்ந்து கத்தினா சந்தைக்கடைதாங்க."

ஆம், பன்னிரண்டுதான். என் சுவரைக் கையால் தட்டிப் பார்த்து, "சிக்னல் ஒரு சுவரைத் தாண்டிடும். ரெண்டாவதுல விழுந்துடும்" என்றார். மூன்று அறைக்கு நடு அறையில் ஒரு பெட்டி, சுவரில் உயரத்தில். நடைபாதையில் ஒன்றுகூட இல்லை. ஆளுயரக் கண்ணாடி இருக்கும் சுவர்ப் பக்கம் போகவே மாட்டார். மற்றப் பெண்கள் கண்ணாடியைக் கண்டால் முடியைச் சரி செய்வார்கள். இவர் நகத்தால் தட்டி, "இது பின்னாடி சிக்னல் எல்லாம் செத்துப் போகும்" என்று முகம் சுளிப்பார்.

வயர் எப்படி இழுப்பது என்று வந்தபோதுதான் என் நேரம் வந்தது. கட்டும் காலத்தில் டிவி வயர்க் குழாயோடு ஒவ்வொரு அறைக்கும் ஒரு வெறும் குழாயும் சுவருக்குள் புதைத்தேன். "எதுக்கு மேஸ்திரி இது, எலி போகவா?" என்று அன்றைக்கு இன்ஜினீயர் சிரித்தார். என்றைக்காவது உதவும் என்றேன். இருபத்திரண்டு வருடம் கழித்து, பூச்சைத் தட்டி முப்பத்து நான்கு வாயையும் காட்டிக் கொடுத்தேன். ஒன்றுகூடத் தப்பவில்லை. கதவக்கா உள்ளே ஊதிப் பார்த்தார். மறுமுனையில் தூசி பறந்தது. "ஐயா, இது இல்லேன்னா உங்க பணத்துல பாதி சுவரைக் கொத்தவே போயிருக்கும்" என்றார். படித்தவர்கள் நூறு பேர் புகழ்ந்தாலும் எனக்கு அப்படிக் குளிர்ந்திருக்காது.

விருந்தாளிகளுக்கு ஒரு வழி, எங்கள் கணக்கு கம்ப்யூட்டருக்கும் கேமராவுக்கும் தனி வழி என்று பிரித்தார். எதற்கு இரண்டு என்றதற்கு, "வந்தவங்களைக் கூடத்துல உக்கார வைப்பீங்க. பீரோ சாவியையும் கையில குடுப்பீங்களா?" என்றார். ஓர் அறை இவ்வளவுக்கு மேல் நெட்டை இழுக்க முடியாது என்று அளவும் வைத்தார். கீழ்வீட்டுக்காரன் குழாயை முழுக்கத் திறந்து வைத்தால் மேல்மாடிக்குத் தண்ணீர் ஏறாது என்பது கொத்தனாருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

புதன்கிழமை மாலை கடைசித் தடவையாக எல்லாக் கட்டிலிலும் படுத்து எழுந்து, "எதையும் தொடாதீங்க ஐயா" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார். நான் எதையும் தொடவில்லை. ஒரு மூடி மட்டும்தான் போட்டேன்.

இருபதாம் எண் என் விடுதியிலேயே பெரிய அறை. அதன் சுவரில் அந்த வெள்ளைப் பெட்டி, கல்யாண மாப்பிள்ளை முகத்தில் மரு மாதிரி உட்கார்ந்திருந்தது. தகரக்காரரிடம் சொல்லி, பூ வேலை செய்த அழகான மூடி ஒன்று அடித்து, சுவர் நிறமே பூசி வைத்திருந்தேன். மாதிரிக்கு ஒன்று, நன்றாக இருந்தால் பன்னிரண்டுக்கும். மூடிதானே, பெட்டியையா தொட்டேன்?

வியாழன் பத்து மணிக்கு இருபது பேரும் வந்தார்கள். அவர்கள் மேலாளர் அம்மா ரிசப்ஷனில் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தார். இருபது கதவும் சாத்தப்பட்டன. நான் மேலாளர் அம்மாவிடம் சுவரின் கனத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். கதவக்கா லேப்டாப்பைத் திறக்கக்கூட இல்லை. படிக்கட்டின் அடியில் நின்று, தலையைச் சாய்த்து, மாடியையே கேட்டுக்கொண்டிருந்தார்.

ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். துடைக்கும் அம்மாள் மேலிருந்து தடதடவென்று இறங்கினார். "தங்கச்சி! பத்தொம்பதுல கதவு கிட்ட நாற்காலி நகர்ற சத்தம் கேட்டுது!"

கதவக்கா இரண்டு இரண்டு படியாக ஏறினார். பத்தொன்பதுக்குப் போகவில்லை, அதற்குச் சிக்னல் கொடுக்கும் பெட்டி இருக்கும் இருபதுக்குப் போனார். அங்கே இருந்தவர் பெட்டிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்ததால் தப்பித்துப் பேசிக்கொண்டிருந்தார். பின்னாலேயே மூச்சு வாங்க நானும், என் பின்னால் மேலாளர் அம்மாவும் போய்ச் சேர்ந்தபோது, கதவக்கா ஸ்டூல் மேல் நின்று என் தகர மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்தார். என் அப்பா அடித்தபோதுகூட எனக்கு அவ்வளவு வலித்ததில்லை.

"என்ன ஆச்சு?" என்றார் மேலாளர் அம்மா.

"பெட்டிக்கு மேல ஒரு தகரம் இருந்துதுங்க. சிக்னல் வெளியே வரலை. காலையில நான் இன்னொரு தடவை பாத்திருக்கணும். தப்பு என்னுது."

நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். முதலாளி என்ற பெயராவது மிஞ்சியிருக்கும். "இல்லம்மா. அவங்க தொடாதேன்னு சொல்லிட்டுப் போனாங்க. அழகா இருக்கட்டும்னு நான்தான் மூடி போட்டேன். முட்டாள் வேலை பண்ணது நான்."

மேலாளர் அம்மா என்னையும் மூடியையும் மாறி மாறிப் பார்த்தார். "மூடி நல்லாத்தான் இருக்கு" என்றார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். "மொதல்லேர்ந்து அரை மணி. இதுல அறுந்தா கிளம்பிடுவோம்."

அந்த அரை மணி நேரத்தில் நான் வாயைத் திறக்கவில்லை. என் மனைவி இதை இன்றுவரை எல்லோரிடமும் சொல்கிறாள். துடைக்கும் அம்மாள் இரண்டாம் மாடி நடையில் சுவரில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு நின்றார். கதவக்கா அவர் பக்கத்தில் போய் நின்றார். ஒரு கதவும் திறக்கவில்லை. ஒரு நாற்காலியும் நகரவில்லை.

பத்தே முக்காலுக்கு இருபது பேரும் வெளியே வந்தார்கள். ஒன்றாம் தேதி பெட்டி படுக்கையோடு வருவதாகச் சொல்லிவிட்டு மேலாளர் அம்மா கிளம்பினார். என் மனைவி டீ கொண்டு வரச் சொன்னாள். நான்கு பேரும் மூன்றாம் மாடிக்கு வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கதவக்காவை மட்டும் காணவில்லை.

தேடிக்கொண்டு மேலே போனேன். பத்தொன்பதாம் அறைக் கதவு சாத்தியிருந்தது, மெல்லத் திறந்தேன். வாசலோரம் இழுத்துப் போட்டிருந்த நாற்காலியை அவர் இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போய்ச் சன்னல் பக்கம் இறக்கினார். குனிந்து, தரை விரிப்பில் பல வருடமாகப் பதிந்திருந்த நான்கு பள்ளங்களைத் தேடி, ஒவ்வொரு காலாக அதனதன் பள்ளத்தில் நிறுத்தி, மேலே கை வைத்து ஒரு தடவை அழுத்தினார்.