எதிர்ச்சுவருக்கு ஒரு படம்

டைல்ஸ் பதிக்கிறவர்களிடம் போய் 'ரசமட்டம்' யார் என்று கேட்டால் ஒரே ஆளைத்தான் காட்டுவார்கள். மட்டம் பார்க்கும் அந்தக் கருவி இல்லாமல் அவர் வெளியே கிளம்பியதில்லை. ஒரு கல் நூலளவு ஏறி நின்றதற்காக, வீட்டுக்காரரே போதும் என்று சொல்லியும், முழு வரிசையையும் பெயர்த்து மறுபடி பதித்தவர். டீக்கடை பெஞ்சில் உட்காரும் முன் அதற்கும் மட்டம் பார்ப்பார் என்பது கூட்டாளிகளின் கிண்டல். அது முழுப் பொய்யும் இல்லை.

அவருடைய மனைவி, வேலை பார்க்கும் தையல் கம்பெனிப் படிக்கட்டில் வழுக்கி விழுந்து, காலில் மாவுக்கட்டோடு வீட்டுக்கு வந்தார். ஆறு வாரம் எழுந்திருக்கக் கூடாது. நான்காம் நாளே சொல்லிவிட்டார்.

"ஊர்ல இருக்கிற சுவத்துக்கெல்லாம் பூப்போட்ட கல்லு ஒட்டறீங்க. என் எதிர்ல பாருங்க, மொட்டச் சுவரு. கால் கூடறதுக்குள்ள எனக்கு மூளை கழண்டுரும்."

"கல்லு ஒட்டட்டுமா?"

"அந்தத் தூசியிலயும் சத்தத்துலயும் நான் படுத்துக் கிடக்கணுமா? வேற ஏதாவது பண்ணுங்க."

மறுநாள் வேலை முடிந்து வரும்போது ஒரு பெட்டி ஆயில் பேஸ்டல் வண்ணக் குச்சிகளும் கெட்டிக் காகிதமும் வாங்கினார்.

"குழந்தை என்ன படிக்குது?" என்றார் கடைக்காரர்.

"குழந்தை நான்தான்."

படம் வரைய அவருக்குத் தெரியாது. அதனால் தெரிந்ததைச் செய்தார். மிச்சமான டைல் ஒன்றின் மேல் காகிதத்தைப் பொருத்தி, மெல்லிய டேப்பைக் குறுக்கும் நெடுக்கும் ஒட்டிக் கட்டம் பிரித்தார். ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு மூன்று நிறங்களை அழுத்தித் தீட்டி, கல்லிடுக்கில் பவுடர் திணிக்கும் அதே கட்டைவிரலால் இழைத்தார். மஞ்சள் ஆரஞ்சில் கரைந்தது, ஆரஞ்சு சிவப்பில் கரைந்தது. இருபது வருடமாக அடுத்தவர் பொறுக்கிய நிறத்தையே பதித்த கை அது. தன் இஷ்டத்துக்கு நிறம் எடுத்தது அன்றுதான்.

"காட்டுங்க பாப்போம்."

"இரு. செட் ஆகணும். ஒரு நாள் யாரும் தொடக் கூடாது."

சிமெண்ட் பழக்கம். மேலே செய்தித்தாளை விரித்து, நாலு டைல்ஸைப் பாரமாக அடுக்கினார். ஆயில் பேஸ்டல் சிமெண்ட் மாதிரி இறுகாது என்று அவருக்கு யார் சொன்னது? மறுநாள் தாளை உரித்தபோது பாதி நிறம் அதோடு வந்துவிட்டது. மிச்சத்தில் அச்சு மை ஈஷிக் கிடந்தது.

"என்ன, செட் ஆயிடுச்சா?"

"சரியில்ல. நாளைக்கு வேற போடறேன்."

"இன்னும் ஒரு நாள் இந்தச் சுவரா?"

அந்தக் குரலில் விளையாட்டு இல்லை. கெட்டுப்போன வேலையைத் தூக்கிப் போட்டே பழகியவர், முதல்முறையாக அதையே கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். ஈஷிய கட்டங்களின் மேல் கருநீலத்தைக் கனமாக அப்பினார். கல்லிடுக்கு சுரண்டும் தகட்டை எடுத்துக் கோடு கோடாகக் கீறினார். அடியில் கிடந்த மஞ்சளும் சிவப்பும் நீலத்துக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தன. டேப்பை உரித்ததும் கட்டங்களுக்கு நடுவே வெள்ளைக் கோடுகள், நூல் பிடித்தாற்போல.

ரசமட்டம் வைத்துப் பார்த்துத்தான் சுவரில் ஒட்டினார். மனைவி ஒவ்வொரு கட்டமாகக் கண்ணை ஓட்டினார்.

"அந்த மூலைக் கட்டத்தையே பாத்துட்டுக் கிடக்கலாம் போலிருக்கு," என்றார் கடைசியில். "ஆனா படம் கோணலா இருக்குங்க."

அவருடைய வேலையைப் பற்றி யாருமே சொல்லாத சொல். மறுபடி மட்டம் வைத்தார். கண்ணாடிக் குழாய்க்குள் குமிழி நட்டநடுவில் நின்றது.

"ஆறு வாரம் படுத்திருக்கப் போறது உங்க குமிழியா, நானா?"

அவர் குனிந்து, மனைவியின் தலையணையில் ஓரமாகத் தன் தலையையும் சாய்த்துப் பார்த்தார். அங்கிருந்து படம் ஒரு பக்கம் ஏறித்தான் தெரிந்தது. எழுந்து போய்ப் படத்தைப் பிரித்தெடுத்து, ஒரு முனையை இரண்டு விரல் கீழே இறக்கி ஒட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை பார்க்க வந்த கூட்டாளி உள்ளே நுழைந்ததும் நின்றுவிட்டார்.

"உன் வீட்டுலயா இவ்ளோ கோணல்? எவன்யா ஒட்டினது?"

"நான்தான்," என்றார் ரசமட்டம். "சந்தேகம்னா படுத்துப் பாரு."