கழிசல்

எனக்குக் கை வேகம் அதிகம், கூடவே கோபமும். திருவொற்றியூர்க் குப்பத்தில் பிறந்தவள். அப்பாவின் வலை கரைக்கு வந்ததும் பொடி நண்டு, சிப்பி, பாசி எல்லாவற்றையும் உதறிவிட்டு, விற்கிற மீனை மட்டும் கூடையில் போட வேண்டும். உதறித் தள்ளுவதற்குப் பெயர் கழிசல். ஐந்து வயதிலிருந்து பழகிய கை. நாற்பது வயதில் அதே கை என்னை மாட்டிவிடும் என்று நான் எங்கே கண்டேன்.

போன வருஷம் ஓடைகளைச் சோதிக்கிற ஒரு திட்டத்தில் களப்பணியாளராகச் சேர்ந்தேன். வயலிலிருந்து வழிகிற உரமும் பூச்சி மருந்தும் ஓடையை என்ன செய்கின்றன என்று பார்ப்பதுதான் வேலை. தண்ணீரைப் பாட்டிலில் பிடித்தால் அன்றைய கதைதான் தெரியும், அடியில் எந்தப் பூச்சி குடியிருக்கிறது என்று பார்த்தால் பல மாதக் கதை தெரியும் என்றார் எங்கள் மேடம். தண்ணீர் வயலுக்கு வரும் முன் மேலே ஓரிடம், வயலைத் தாண்டிய பின் கீழே ஓரிடம். காலால் அடிமண்ணைக் கலக்கி, கைவலையில் பிடித்து, வெள்ளைத் தட்டில் கொட்டி எண்ண வேண்டும். தட்டான் குஞ்சு இருந்தால் ஓடை நன்றாக இருக்கிறது. வெறும் சிவப்புப் புழுதான் என்றால் ஓடைக்குச் சீக்கு.

எனக்குக் கிடைத்தது சடையங்குப்பத்துக்கு மேற்கே ஓர் ஓடை. கரையோரம் ஒருவர் கீரை போட்டிருந்தார். என் வயதுதான் இருக்கும். நான் வலையோடு இறங்கியதும் பாத்தியை விட்டு எழுந்து வந்தார்.

“இன்னா யக்கா, மீனு புடிக்கிறியா?”

விஷயத்தைச் சொன்னேன். முகம் சுருங்கிவிட்டது.

“என் மருந்தாலதான் ஓட கெட்டுச்சுன்னு நீ எழுதிட்டா, கரையோரப் பாத்திய எடுக்க சொல்லிடுவாங்க. தண்ணி பக்கத்துல கீற பாத்திதான் வெளையுது. அதுவும் பூட்டா நான் இன்னா பண்றது?”

“கீறதத்தான் எழுதுவேன்” என்றேன், கொஞ்சம் கெத்தாகவே.

மேலே வலை போட்டேன், கீழேயும் போட்டேன். இரண்டு இடத்திலும் நாலைந்து கெண்டைக் குஞ்சு, ஒன்றிரண்டு இறால். பூச்சி என்று ஒன்றுமில்லை. தாளில் இரண்டு கட்டத்திலும் ‘இல்லை’ என்று எழுதினேன். “மேலயே ஒண்ணும் இல்லண்ணா, உன் மேல தப்பு இல்ல” என்று சொல்லியும் தொலைத்தேன். அந்த மனுஷனுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. வேண்டாம் வேண்டாம் என்றாலும் கேட்காமல் ஒரு கட்டு அரைக்கீரையை என் பையில் திணித்தார். அன்றைக்கே கடைந்து சாப்பிட்டோம்.

மறு வாரம் வேறோர் ஓடைக்கு மேடம் என்னோடு வந்தார். நான் வலையைத் தூக்கி, வழக்கம்போல் இரண்டு உதறு உதறினேன்.

“இருங்க. இப்ப எதை உதறினீங்க?”

“கழிசல், மேடம்.”

என் காலடியில் சிதறிக் கிடந்த சேற்றை அவர் விரலால் விலக்கினார். நகத்தளவு ஏதோ ஒன்று ஆறு காலால் நடந்தது. “நாம எண்ண வந்ததே இதைத்தான்” என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை பேசிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். பயிற்சியில் காட்டிய படங்களில் ஒவ்வொரு பூச்சியும் உள்ளங்கை அகலம், இத்துனூண்டு உருப்படியை யார் கண்டது என்று எனக்கு நானே நியாயம் பேசிப் பார்த்தேன். எடுபடவில்லை.

பழைய தாளைப் பற்றி மேடம் கேட்கவில்லை. நான் வாயைத் திறக்காவிட்டால் அது அப்படியே போயிருக்கும், கீரைக்காரருக்கும் நல்லது. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் மேடத்திடம் சொல்லிவிட்டேன். “போய்த் திரும்ப எடுத்துட்டு வாங்க” என்றார்.

நான் போனபோது கீரைக்காரர் மருந்தடிக்கிற டப்பாவை ஓடையில் அலசிக்கொண்டிருந்தார்.

“வா யக்கா, கீர வோணுமா?”

“அன்னிக்கு நான் எழுதனது தப்புண்ணா. மறுபடி பாக்கணும்.”

“நீதான ஒண்ணும் இல்லன்ன?”

“சொன்னேன். பூச்சிய ஒதறிட்டு, இல்லன்னு சொல்லிட்டேன்.”

அவர் டப்பாவைக் கரையில் வைத்துவிட்டுக் கூடவே வந்தார். இந்த முறை நான் உதறவில்லை. இரண்டு தட்டையும் அவர் பாத்தியோரம் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். கீழே எடுத்ததில் சிவப்புப் புழு மட்டும் நெளிந்தது. மேலே எடுத்ததில் சேறு தெளியத் தெளிய ஒவ்வொன்றாக அசைந்தன. ஒன்பது தட்டான் குஞ்சுகள்.

அவர் குந்தி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். “தட்டானா இது?”

“ஆமாண்ணா. றெக்க மொளைக்கிற வரிக்கும் தண்ணிலதான் கெடக்கும்.”

“என் பாத்தி மேல இப்பல்லாம் தட்டானே சுத்தறதில்ல. வெயிலாலன்னு நெனச்சிகினு இருந்தேன்.”

தாளை எடுத்தேன். இந்த மனுஷன் வயிற்றில் அடிக்கிறோமே என்று எனக்குத் துக்கமாகத்தான் இருந்தது. பேனா நின்றதைப் பார்த்துவிட்டு, “எழுது. இன்னா பாக்கற?” என்றார். எழுதினேன். மேலே ஒன்பது, கீழே இல்லை.

எண்ணி முடித்ததும் உயிரோடு தண்ணீரில் விட்டுவிட வேண்டும். ஒன்பதும் இருந்த தட்டைத் தூக்கி, காலடியில் ஓடுகிற தண்ணீரில் கவிழ்க்கக் குனிந்தேன். அவர் சட்டென்று தட்டைப் பிடித்துக்கொண்டார்.

“இங்க வோணாம் யக்கா. செத்துடும்.”

தட்டை இரண்டு கையாலும் ஏந்தி, தண்ணீர் தளும்பாமல், தன் பாத்திகளைத் தாண்டி மேலே நடந்து போனார்.