முன்வாசலுக்கு எத்தனை வெள்ளை

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். இன்று என் பெயர் எழுதிய லோரிகள் மலாக்காவிலிருந்து சிங்கப்பூர் வரை ஓடுகின்றன. பேரம் பேச எங்கே கற்றீர்கள் என்று படித்தவர்கள் கேட்பார்கள். மலாக்காவின் காஜா பெராங்கில், எங்கள் வீட்டுப் பின்கட்டுச் சிமெண்டுத் தரையில் என்பேன். சிரிப்பார்கள். ஆனால் உண்மை அதுதான்.

அம்மாவின் தம்பி, என் மாமா, எங்களோடுதான் இருந்தார். தோட்டங்களிலிருந்து ரப்பர் ஏற்றிவரும் லோரியில் கெலிண்டன் வேலை. சரக்கை ஏற்றுவது, இறக்குவது, டிரைவர் கண் அசராமல் பேச்சுக் கொடுப்பது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் ஒரு கரித்துண்டை எடுத்துத் தரையில் காடு, ஆறு, குகை, அரண்மனை எல்லாம் வரைவார். என் ஆள் ஒரு சோடா மூடி. அக்காவின் ஆள் ஒரு சட்டைப் பொத்தான். ஒரு பக்கம் தேய்த்து வெள்ளையாக்கிய ஆறு புளியங்கொட்டைகள்தான் விதி.

"ஆத்தங்கரையில நிக்கிற. எதிரே மொதல வாயத் தொறந்துகிட்டு கெடக்கு. என்னா செய்யப் போற?" என்பார்.

நம் இஷ்டம். நீந்தலாம், மரமேறலாம், முதலையிடம் நலம் விசாரிக்கலாம். சொன்ன காரியத்தின் கஷ்டத்துக்கு ஏற்ப, மூன்று வெள்ளை, நான்கு வெள்ளை என்று மாமா விலை வைப்பார். கொட்டைகளை உருட்டி அத்தனை வெள்ளை விழுந்தால் காரியம் பலித்தது. விழாவிட்டால் முதலைக்குச் சாப்பாடு.

உருட்டுவதற்கு முன்னால்தான் என் திறமை.

"மொதல இப்பத்தான் மாடு தின்னுச்சு மாமா. ரெண்டு வெள்ள போதும்."

"மாட்ட யாருடா குடுத்தா?"

"நான்தான். போன வாரமே கட்டி வச்சிட்டேன்."

சிரித்துக்கொண்டே ஒன்றைக் குறைப்பார். நான் கெட்டிக்காரன் ஆக ஆக அவரும் கஷ்டத்தை ஏற்றிக்கொண்டே போனார். எனக்கு உதடு பிதுங்கும் சமயத்தில் மட்டும் எப்படியோ ஒரு முதலை தூங்கிவிடும். அதுவும் என் சாமர்த்தியம் என்றே நினைத்தேன்.

அக்கா வேறு மாதிரி. "நீங்களே சொல்லுங்க மாமா" என்பாள்.

"நான் சொல்லக் கூடாது புள்ள. ஒன் ஆளு. நீதான் சொல்லணும்."

அவள் பொத்தான் வாரக்கணக்கில் ஆற்றங்கரையிலேயே நின்றதுண்டு.

அது மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த வருஷம். பட்டணமெல்லாம் கொடி கட்டி முடித்த சமயம், எங்கள் வீட்டில் ஒரு காரியம் முடிவாகியிருந்தது. தை பிறந்ததும் அக்காவை மாமாவுக்குக் கட்டிவைப்பது. அக்காள் மகள் தாய்மாமனுக்கு உரிமை. அதில் கேட்க ஒன்றுமில்லை, யாரும் கேட்கவுமில்லை. இங்கிலீஷ் பள்ளியில் படித்த அக்கா, ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலைக்குப் படிக்கப் போகட்டுமா என்று ஒரே ஒரு தரம் வாய் திறந்தாள். "கட்டிக்கப் போறவன் இருக்கான். கல்யாணம் ஆனப்புறம் அவனக் கேட்டுக்க" என்றார் அப்பா. எனக்கு இதில் நஷ்டம் எதுவும் தெரியவில்லை. மாமா வீட்டிலேயே இருப்பார், ஆட்டமும் நிற்காது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நல்ல மழை. அம்மா முறத்தில் நெத்திலியைப் போட்டுத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். நானும் அக்காவும் அரண்மனைக்குள் அகப்பட்டிருந்தோம். நான் ஐந்து வெள்ளை போட்டு, சாக்கடை வழியாகத் தப்பித்தேன். சாதாரண ஆளால் ஆகிற காரியமா அது!

அடுத்து அக்காவின் முறை.

"ராஜா சொல்றாரு, இங்கயே இருந்துரு. சோத்துக்குக் கொறையில்ல, துணிமணிக்குக் கொறையில்ல, யாரும் ஒன்ன ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றார் மாமா. "நீ என்னா செய்யப் போற?"

அக்கா பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ராஜாவுக்குக் கோவம் வருமா மாமா?"

"அது ராஜா பாடு. ஒன்னத்தான கேக்குறேன்."

அம்மாவின் கை முறத்தில் நின்றுவிட்டது.

"வெளிய போறேன்" என்றாள் அக்கா.

"எந்த வழியா?"

"முன்வாசல் வழியா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முன்வாசலில் காவல்காரர்கள், இரண்டு புலிகள். "ஆறு வெள்ள! ஆறும் விழணும்!" என்று கத்தினேன்.

மாமா தரையில் கிடந்த கொட்டைகளை எல்லாம் அள்ளிக் கைக்குள் மூடிக்கொண்டார். "ஒனக்குக் கொட்ட வேணாம். கதவு தொறந்துதான் இருக்கு. போ புள்ள."

"தா ஆச்சி! தா ஆச்சி!" என்று நான் குதித்தேன். ஆட்டம் செல்லாது என்பதற்கு மலாய்ப் பிள்ளைகள் சொல்வது அது. "சாக்கடைக்கு அஞ்சு, முன்வாசலுக்கு ஒண்ணுமே இல்லயா? இது என்னா நியாயம் மாமா?"

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

"வெளையாட்டுல என்ன வேணுன்னாலும் சொல்லலாம், தம்பி" என்றாள் அம்மா.

"நான் வெளையாட்டுக்குச் சொல்லலக்கா" என்றார் மாமா.

அம்மா முறத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அக்கா பொத்தானை எடுத்து, முன்வாசல் கரிக்கோட்டைத் தாண்டி வைத்தாள்.

அன்று சாயங்காலம் மாமா அப்பாவிடம், தனக்கு இந்தக் கல்யாணத்தில் இஷ்டமில்லை என்றார். அவளுக்கு இஷ்டமில்லை என்று சொல்லவில்லை. அப்பா கத்தினார். செமாபோக்கிலிருந்து பெரியப்பா வந்து, வேறு எவளையோ வைத்திருக்கிறான், அதுதான் சொந்தப் பெண் கசக்கிறது என்று தெருவுக்கே கேட்கும்படி பேசினார். மாமா இல்லை என்றும் சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. அம்மா அவருக்குச் சோறு போட்டாள், பேச்சை மட்டும் நிறுத்திவிட்டாள். வேண்டாம் என்று தள்ளப்பட்ட பெண் சும்மா வீட்டில் உட்கார்ந்திருப்பானேன் என்று அடுத்த வருஷம் அக்காவை நர்ஸ் படிப்புக்கு அனுப்பினார்கள்.

மாமா அதற்கு முன்பே, ஊருக்கு வெளியே பத்து பெரெண்டாமில் ஓர் அறை பிடித்துக்கொண்டு போய்விட்டார். இரும்புப் பெட்டியை லோரியில் ஏற்றும்போது வீட்டில் ஒருவரும் வெளியே வரவில்லை. அக்கா ஜன்னலுக்குப் பின்னால் நின்றாள். நான் மட்டும் வாசலில். அந்த மழைநாள் ஆட்டத்தோடு நான் அவரிடம் பேச்சை நிறுத்தியிருந்தேன். "வரட்டாடா?" என்றார். நான் கையைக் கட்டிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தேன்.

பெரியவர்கள் ஆளுக்கொன்று பேசினாலும் அவர் போகிற காரணம் எனக்குத் தெரியும் என்று உறுதியாக இருந்தேன். அழுகுணி ஆட்டம் ஆடி என்னிடம் கையும் களவுமாக மாட்டிக்கொண்டார், வெட்கம் தாங்கவில்லை. லோரி தெருமுனை திரும்பியதும் நேரே தெருப் பையன்களிடம் ஓடினேன்.

"நான் ஒரே ஒரு நியாயந்தான் கேட்டேன்" என்றேன். "மனுஷன் வீட்ட விட்டே ஓடிட்டாரு."