ஹூ பேதுரு

பேதுருவைக் கண்டால் கொழும்புக் கொட்டாஞ்சேனைப் பையன்கள் "ஹூ" என்று கத்துவார்கள். வருடக்கணக்காக அது அவனுடைய கூட்டாளி வின்சன்ற்றின் நெஞ்சில் கிடந்து அரித்தது. அகப்பட்டவனின் காதைத் திருகாமல் அவர் விட்டதில்லை. அந்த "ஹூ" மட்டும் இல்லாவிட்டால் அவருடைய எலும்பை நரி இழுத்திருக்கும்.

இரண்டாம் உலக யுத்த காலம். கூட்டாளிகள் இருவரும் இரத்மலானை விமானத் திடலில் மூட்டை தூக்கினார்கள். திருகோணமலையில் சாமான் இறக்கவென்று ஒருநாள் அவர்களைக் கிளைடரில் ஏற்றினார்கள். அதற்கு எஞ்சின் கிடையாது. இன்னொரு விமானம் கயிறு கட்டி இழுக்கும். நடுவழியில் கயிறு அறுந்தது. காட்டுக்குள் விழுந்ததில் வின்சன்ற்றின் தொடை முறிந்தது. வெள்ளைக்கார விமானி நினைவில்லாமல் கிடந்தார். பேதுருவுக்குச் சிராய்ப்போடு போயிற்று.

பச்சை இலை போட்டுப் புகை எழுப்பினான் பேதுரு. தேடிவந்த விமானம் தலைக்கு மேலாகவே போய்விட்டது. சேனைக்காரர் பயிரிடுவதற்காகக் காடு எரிக்கும் பருவம். நாலு திக்கிலும் புகைதான்.

"எரிக்கிறவன் கிட்டத்தானே இருப்பான், கூப்பிட்டுப் பாப்பம்" என்று மரத்தில் ஏறினான். ஒரு "ஹூ". தொண்டை காய்ந்துவிடும். நெடுநேரம் கழித்து இன்னொன்று. மறுநாளும் பதில் இல்லை.

"என்ன மச்சான், இந்தக் காட்டில ஒருத்தனுக்கும் காது இல்லையோ?" என்று மேலிருந்து கேட்டான் பேதுரு.

"காது இருக்கு. ஒருக்கா மட்டும் கூப்பிடுறது பேய் எண்டு உன்ர அம்மா சொல்லித்தரேல்லையோ? கேட்டவன் கதவைச் சாத்தியிருப்பான்."

பேதுரு கிளையில் இருந்தபடியே சிரித்துவிட்டான். "மூண்டுதரம் விடாமக் கூப்பிடத் தொண்டை வேணுமே."

போத்தலில் ஒரு மிடறு தண்ணீர்தான் மிச்சம். காயப்பட்டவர்களுக்கென்று அவனே ஒதுக்கி வைத்தது. இறங்கி வந்தவனிடம் வின்சன்ற் அதை நீட்டினார். "குடி. இப்ப உன்ர தொண்டைதான் எனக்குக் கால்." குடித்துவிட்டுப் பேதுரு மறுபடி மரத்தில் ஏறினான்.

ஹூ. ஹூ. ஹூ. மூன்றாவதில் குரல் கிழிந்தது. பிறகு கிழக்கே, மெல்லிசாக: ஹூ.

பொழுது சாயுமுன் சேனைக்காரன் முதியான்சே ஆட்களோடு வந்து, கம்பில் சாக்குக் கட்டி, காயப்பட்ட இருவரையும் தூக்கிப் போனான்.

வின்சன்ற்றின் கால் கூடியது. பேதுருவின் குரல் கூடவில்லை; காற்றுத்தான் வந்தது. கதை பரவியதும் கொட்டாஞ்சேனைப் பையன்களுக்கு அந்த "ஹூ" கேலியாயிற்று. யுத்தம் முடிந்ததும் முதியான்சேயின் ஊரிலேயே தேத்தண்ணிக் கடை போடப் புறப்பட்டான். மருதானை ஸ்டேஷனில், ரயில் அசையும்போது, வின்சன்ற்றின் காதைப் பிடித்து இழுத்துச் சொன்னான்:

"பொடியள் இனி உன்னைக் கண்டு மூண்டுதரம் கூப்பிட்டா அடிக்க ஓடாதை மச்சான். எனக்காகப் பதில் குடு."