ஆயில் விளக்கின்மேல் வைத்த சந்தனம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று எத்தனையோ வருஷமாகத் தள்ளிப்போட்டு வந்திருக்கிறேன். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனவன் நான். அதுவும் மலையாளப் பள்ளிக்கூடம். தமிழ் எழுத்தை வீட்டிலிருந்த தோத்திரப் புஸ்தகங்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். ஆனால் தயக்கம் அதனால் அல்ல. இதில் என் மனைவி வருகிறாள். அவளுடைய பக்தியை யாராவது கேலியாகப் பேசிவிடுவார்களோ என்றுதான் பயந்தேன். போன மாசம் அவளிடமே கேட்டேன். "நடந்ததுதானே, எழுதுங்கோ. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்" என்றாள். அதனால் எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசி. மட்டாஞ்சேரியில் ஒரு குறுமிளகுக் கிடங்கில் தரம் பிரித்துப் பார்க்கிற வேலை எனக்கு. எங்களுக்கு ஒரே பெண், பம்பாயில் கட்டிக்கொடுத்திருந்தோம். தலைப்பிரசவத்துக்கு அவள் எங்களிடம் வருகிறாள் என்று தெரிந்த அன்றைக்கே என் மனைவி, "ஒரு வண்டி வேணும்" என்றாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. இந்தப் பெண்ணைப் பெறுவதற்காக எர்ணாகுளம் ஆஸ்பத்திரிக்குப் போன அன்று மழையில் படகு வராமல், படகுத்துறைப் பலகையில் வலியோடு அவள் உட்கார்ந்திருந்தது எனக்கும் மறக்கவில்லை. அன்றைக்கு பகவான் காப்பாற்றினார். இரண்டாம் தடவையும் அவரையே சிரமப்படுத்தக் கூடாது என்பது அவள் எண்ணம்.

வேலையிலிருந்து ஓய்வுபெற்று ஊரைவிட்டுப் போகிற ஒருவரிடமிருந்து ஒரு பழைய கார் வாங்கினோம். சாம்பல் நிறம், பெரிய முகம், கதவைச் சாத்தினால் பெட்டி மூடுகிற மாதிரி சத்தம் வரும். நான் இளவயதில் கிடங்கு லாரியை ஓட்டிப் பழகியவன். அதனால் ஓட்டுவதற்கு வேறு ஆள் தேவைப்படவில்லை.

வாங்கிய வெள்ளிக்கிழமை கோவில் வாசலில் நிறுத்தி பூஜை செய்தோம். பூஜை செய்த சாந்திக்காரர் கொடுத்த சந்தனத்தை என் மனைவி வண்டியின் நெற்றியில் வைத்தாள், ஸ்டியரிங்கில் வைத்தாள். பிறகு உள்ளே, வேகம் காட்டுகிற வட்டத்துக்குக் கீழே கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு கண்ணாடிக் குமிழ் இருந்ததைப் பார்த்தாள். பொட்டு வைப்பதற்கென்றே செய்து வைத்தது போல இருந்தது. அங்கேயும் சந்தனம், நடுவில் குங்குமம். நானும் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பழையதன்மேலேயே புதிது வைப்பாள். வைத்த பொட்டை அழிக்கப்படாது என்பது எங்கள் வீட்டுப் பழக்கம். அது தானாக உலர்ந்து உதிர வேண்டும். இதுவோ உதிரவில்லை. மழைக்காலத்து ஈரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பிடித்து, சின்னக் குன்று மாதிரி ஆகிவிட்டது.

பெண் வந்து சேர்ந்தாள். மாசம் நிறைந்த வயிறு. ஒரு நாள் அவளைத் திருப்பூணித்துறைக் கோவிலுக்கு அழைத்துப் போய்த் திரும்பி வரும்போதுதான் அந்தச் சத்தத்தை முதலில் கேட்டேன். தோப்பும்படிப் பாலத்து ஏற்றத்தில் இன்ஜினுக்குள்ளிருந்து, மரத்தரையில் சுக்கு மூட்டையை வைத்துத் தட்டுகிற மாதிரி ஒரு கனத்த சத்தம். இறக்கத்தில் குறைந்தது. வீட்டு வாசலில் வந்து நின்றபோது மறுபடியும் மெள்ள மெள்ளக் கேட்டது.

"எனக்கு அம்மியிலே அரைக்கற மாதிரி கேக்கறது" என்றாள் மனைவி.

"தையல் மெஷின்னா அது" என்றாள் பெண்.

எங்களோடு தங்கியிருந்த என் மச்சினன், மனைவியின் தம்பி, வாசலில் நின்று கேட்டான். எதற்கும் ஒரு தீர்ப்பு வைத்திருப்பான் அவன். "அத்திம்பேரே, இது சத்தம் இல்லை, பிராணன் போறது. இதை நம்பிப் பிள்ளைத்தாச்சியை ஏத்தறதைவிட ஒரு கட்டைவண்டி பேசி வெச்சுக்கோங்கோ."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் ராத்திரி படுத்தபடி நாளை எண்ணினேன். டாக்டர் சொன்ன நாளுக்கு அதிகம் இல்லை. இன்ஜினையே இறக்கிப் பிரிக்க வேண்டும் என்றால் வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் வலி வந்துவிட்டால்?

மறுநாள் காலையில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த இக்காவைப் போய்ப் பார்த்தேன். மூத்த முஸ்லிம்களை அங்கே எல்லாரும் இக்கா என்றுதான் கூப்பிடுவோம். வீட்டிலும் வெளியிலும் மலையாளம் பேசுகிறவர். எங்களிடம் மட்டும் அதில் கொஞ்சம் தமிழைக் கலந்து பேசுவார். வண்டியைக் கொண்டுவரட்டுமா என்று கேட்டதற்கு, "வேண்டா சாமி. சத்தம் கேட்ட வண்டியெ ஸ்டார்ட் ஆக்கவே கூடாது. ஞான் வரும்" என்று பையை எடுத்துக்கொண்டு கூடவே நடந்து வந்தார்.

வந்தவர் இன்ஜின் மூடியைத் திறக்கவில்லை. முதலில் கேள்விதான் கேட்டார்.

"சத்தம் காலையிலேயா, ஓடிச் சூடானதுக்குப் பின்னேயா?"

"சூடானப்புறம்தான்."

"ஏற்றத்திலே கூடுதலா?"

"ஆமாம். பாலத்திலே நன்னாக் கேட்டது."

"ஆயில் லைட்டு எரிஞ்சதா?"

இதற்கு நான் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். "ஒருநாளும் எரிஞ்சதில்லை இக்கா. வாங்கின நாளா இல்லை."

"சாவி போடும்போ?"

"அப்பவும் இல்லை."

இக்கா என்னைப் பார்த்தார். "அது எரியாத லைட்டு அல்ல சாமி, மிண்டாத, வாய் பேசாத லைட்டு. சாவி போட்டா சிவப்பா எரியணும், இன்ஜின் ஓடத் துடங்கினா அணையணும். அப்போதான் அதுக்கு உயிர் உண்டுன்னு அர்த்தம். எங்கே அது?"

எனக்கு எது என்று தெரியவில்லை. கிடங்கு லாரியில் அப்படி ஒன்று இல்லை. ஆயில் அழுத்தம் காட்டுகிற ஒரு முள்தான் இருந்தது. இக்கா கதவு வழியாகத் தலையை நீட்டித் தேடினார். பிறகு அப்படியே நின்றார்.

"இத்தனை சந்தனம் குருவாயூரிலே தேவனுக்குக் கூட வைக்க மாட்டாங்களே" என்று மெதுவாகச் சொன்னார்.

அவர் கையில் ஸ்குரூ டிரைவர் இருந்தது. ஒரு சுரண்டல் போதும். ஆனால் அவர் பின்னால் நகர்ந்துகொண்டார். "இது ஞான் தொடாது. வைச்ச ஆளே எடுக்கட்டும்."

நானும் தொடவில்லை. மனைவியைக் கூப்பிட்டோம். விஷயத்தைக் கேட்டதும் அவள் முகம் மாறிவிட்டது. "பிள்ளைத்தாச்சி ஆத்திலே இருக்கச்சே பொட்டை அழிக்கவா? என்னத்துக்கு இப்படிச் சோதிக்கறேள்?" என்று கேட்டாள். யாரையும் கோபிக்கவில்லை. கண் நிறைந்துவிட்டது, அவ்வளவுதான்.

மச்சினன், "அக்கா, பொட்டு அங்கேயே இருக்கட்டும். வண்டியை அப்படியே பூஜை அறைக்குள்ளே தள்ளிடலாம்" என்றான். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இக்கா பையை மூடிவைத்துவிட்டு, மதில் நிழலில் போய் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார். அவசரப்படுத்தவில்லை.  அவள் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னிடம் கேட்டாள்.

"கோவில்லே நேத்திக்குச் சாத்தின சந்தனத்தை இன்னிக்கு வெடியக்காலம் எடுக்கறதில்லையோ?"

"எடுக்கறதுதான். நிர்மால்யம்."

"அப்போ அது அழிக்கறதாகாது."

உள்ளே போய்க் கால் கழுவி, சுவாமி முன் இருந்த கிண்ணத்துத் தீர்த்தத்தையும் ஒரு வாழையிலைத் துண்டையும் எடுத்து வந்தாள். விரலால் தீர்த்தம் தொட்டு ஊற வைத்தாள். அடுக்கடுக்காகச் சந்தனம் இளகி வந்தது. எல்லாவற்றையும் இலையில் வாங்கி, எனக்கும் தம்பிக்கும் பெண்ணுக்கும் நெற்றியில் இட்டாள். இக்காவைப் பார்த்துத் தயங்கினாள். "எனக்கு லைட்டு மதி அம்மா" என்றார் அவர், சிரித்துக்கொண்டே. லைட்டே போதும் என்று அர்த்தம். அவளும் சிரித்துவிட்டாள்.

சாவியைப் போட்டேன். அந்தக் குமிழ் சிவப்பாக எரிந்தது. வாங்கிய நாள் முதல் அது எங்களிடம் என்னென்ன சொல்லியிருக்குமோ, நாங்கள் கேட்கவே இல்லை.

பிறகுதான் வேலை. அளவுகுச்சியை உருவிப் பார்த்தார். ஆயில் குறைவாக இருந்தது. எங்கள் சந்து ஒரு பக்கம் சரிவு, அதில் நிறுத்திவிட்டுப் பார்த்தால் குச்சி பொய் சொல்லும் என்றார். வண்டியைத் தள்ளிச் சமதளத்தில் நிறுத்திப் பார்த்தால் இன்னும் குறைவு. தேவையானதை ஊற்றிவிட்டு ஸ்டார்ட் செய்யச் சொன்னார். விளக்கு அணைந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது. "நில்லுங்க, சூடாகட்டும்" என்றார். இன்ஜின் சூடாக ஆக, வண்டி சும்மா நின்று ஓடும்போது விளக்கு கண் சிமிட்ட ஆரம்பித்தது. ஆக்ஸிலரேட்டரில் கால் கொடுத்தால் அணையும், எடுத்தால் சிமிட்டும்.

நீளமான ஸ்குரூ டிரைவரின் நுனியை இன்ஜின்மேல் வைத்துப் பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். என்னையும் கேட்கச் சொன்னார். மேலே ‘டிக் டிக்’ என்று லேசான சத்தம். அது வால்வுப் பக்கத்துச் சத்தம், அதற்காகப் பயப்பட வேண்டாம். கீழே ‘டம் டம்’ என்று இருந்தது. என் சுக்கு மூட்டை அதுதான். அடுத்து பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். மூன்றாவதைக் கழற்றியபோது அந்த டம் டம் பாதியாக அடங்கியது. "இங்கேதான் பேரிங் தேஞ்சிருக்கு" என்றார்.

விளக்கு பொய் சொல்கிறதோ என்றும் பார்த்துவிட வேண்டும் அல்லவா? விளக்குக்குப் போகிற வயர் மாட்டியிருந்த சின்னத் திருகைக் கழற்றி, அந்தத் துளையில் முள் உள்ள மீட்டரை மாட்டினார். இன்ஜின் சூடாக இருக்கும்போது முள் கீழேயே கிடந்தது, அழுத்தம் போதவில்லை. விளக்கு சொன்னது நிஜம்.

"இன்ஜினை இறக்கணுமா?" என்று கேட்டேன். என் கேள்வி எல்லாம் அது ஒன்றுதான்.

"அடியிலே திறந்து பாக்காம சொல்ல மாட்டேன். பேரிங்குக்குள்ளே சுத்தற ஷாஃப்டிலே கீறல் விழுந்திருந்தா இறக்கணும். விழாட்டா பேரிங் மாத்தினா மதி."

வாசலிலேயே சாக்கு விரித்து வண்டிக்கு அடியில் படுத்தார். ஆயில் தொட்டியைக் கழற்றியபோது அடியில் கறுப்புக் களி. ஆயிலை உறிஞ்சுகிற இடத்து வலை பாதி அடைத்துப்போயிருந்தது. அது பல வருஷத்து அழுக்கு, எங்களுக்கு முன்னாலேயே சேர்ந்தது. பேரிங் தேய்ந்து செம்பு தெரிந்தது. என் மனைவி வாசற்படியில் உட்கார்ந்து நாமம் சொல்லிக்கொண்டிருந்தாள். இக்கா ஷாஃப்டை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். பிறகு நகத்தால் பார்த்தார். 

"கீறல் இல்லை" என்று அடியிலிருந்து குரல் வந்தது. "இன்னும் ஒரு தடவை பாலம் ஏறியிருந்தா இருந்திருக்கும்."

எர்ணாகுளத்திலிருந்து பேரிங் வாங்கி வந்து, வலையைக் கழுவி, புது ஆயில் ஊற்றிப் பூட்டி முடிக்க மறுநாள் சாயங்காலம் ஆயிற்று. மெதுவாக ஓட்டச் சொன்னார். அடுத்த வாரம் விடிந்ததும் பெண்ணுக்கு வலி எடுத்தது.

பின்னால் அம்மாவும் பெண்ணும், முன்னால் நானும் மச்சினனும். தோப்பும்படி போனால், ஏதோ ஒரு கப்பல் போவதற்காகப் பாலத்தின் நடுப்பலகையைத் தூக்கியிருந்தார்கள். வண்டிகள் வரிசையாக நின்றன. அணைத்தால் திரும்ப ஸ்டார்ட் ஆகுமோ என்று இன்ஜினை ஓடவிட்டே நின்றேன். சூடு ஏறி, சும்மா நிற்கிற வண்டி. விளக்கு சிமிட்ட வேண்டுமானால் இப்போதுதான் சிமிட்ட வேண்டும்.

"எரியறதா?" என்று பின்னாலிருந்து மனைவி கேட்டாள்.

"இல்லை."

கொஞ்சம் பொறுத்து, "இப்போ?"

"இல்லை."

"அம்மா, என் முகத்தைப் பாரேன். விளக்கை அப்பா பார்த்துப்பா" என்றாள் பெண், பல்லைக் கடித்துக்கொண்டு.

மச்சினன் அன்றைக்கு ஒரு தமாஷும் பேசவில்லை. கை கூப்பிய மாதிரி உட்கார்ந்திருந்தான். தினமும் சாயங்காலம் விளக்கேற்றிக் கும்பிடுகிறவன் நான். அன்றைக்கு ஒரு விளக்கைப் பார்த்து, எரியாமல் இரு என்று வேண்டிக்கொண்டேன். அது கடைசிவரை எரியவில்லை. பாலம் இறங்கியது. ஏற்றத்தில் காது கொடுத்துக் கேட்டேன். இன்ஜின் ஓடுகிற சத்தம் மட்டும்தான்.

மத்தியானத்துக்குள் பேத்தி பிறந்தாள். இரண்டு பேரும் சுகம்.

அதன் பிறகும் வெள்ளிக்கிழமைப் பொட்டு நிற்கவில்லை, சாமான் வைக்கிற பெட்டியின் மூடிக்கு மாறிவிட்டது. வாரா வாரம் பழையதை எடுத்துவிட்டுத்தான் புதிது வைப்பாள். நான் சாவி போடும்போது பக்கத்தில் இருந்தால், "வந்துது" என்பாள். ஸ்டார்ட் ஆனதும், "போச்சு" என்பாள். அதற்குப் பிறகுதான் நான் கியர் போட வேண்டும்.

இந்தக் கதை எங்களைச் சுற்றி இரண்டு விதமாக உலவியது. கோவிலில், சந்தனம் தானாக உதிர்ந்து விளக்கு எரிந்தது என்றார்கள். கிடங்கில், பொட்டு வைத்தே இன்ஜினைக் கெடுத்தார்கள் என்றார்கள். இரண்டும் இல்லை. பேரிங் நாங்கள் வாங்குமுன்பே தேய ஆரம்பித்தது. சந்தனம் அதை எங்களுக்குத் தெரியாமல் மறைத்தது. அதை எடுத்தது என் மனைவியின் கை. அதற்கு வழி காட்டியது பகவான் என்பது என் நம்பிக்கை. பழைய வண்டி வைத்திருக்கிற யாருக்காவது இதைச் சொல்லுவதானால் சொல்லுங்கள். ஆனால் சந்தனத்தை விட்டுவிட்டுப் பேரிங்கை மட்டும் சொல்லாதீர்கள், பேரிங்கை விட்டுவிட்டுச் சந்தனத்தை மட்டும் சொல்லாதீர்கள். என் மனைவி சொன்ன மாதிரி, கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள்.