அருள்சாமி தோண்டுன ஈட்டிக்கன்னு

குப்பனூர் ரோட்டோரம் இருக்கற காட்டுக்கு அருள்சாமிதானுங்க வாட்சர். அவரால சித்த நேரம் சும்மா ஒக்கார முடியாது. ஒல கொதிக்கறதுக்குள்ள நூறு வாட்டி மூடியத் தொறந்து பாப்பாரு. அவரு ஊட்டுல இருந்தா அன்னிக்குச் சோறே வேகாதுன்னு சம்சாரம் தெரசம்மா சொல்லும்.

அந்தக் காட்டுல ஒரு கெழட்டு ஈட்டி மரம், யானையெல்லாம் அதுக்கு முன்னாடி கோழிக்குஞ்சுங்க. அது உதுத்த வெத போன மழைக்குத் தானா மொளச்சு, சுத்தியும் கன்னு. யாரும் நடல, தண்ணி ஊத்தல. அருள்சாமிக்குத் தலகால் புரியல. ஆடு மேஞ்சு வந்தா ஆட்ட உட்டுட்டு ஆட்டுக்காரன மல வரைக்கும் தொரத்துவாரு.

மாசி கடைசில எவனோ பீடியப் போட்டுட்டான், காடு தீப்புடிச்சிருச்சு. அருள்சாமி தழைய ஒடிச்சு அடிச்சு அடிச்சே தீய அணைச்சாரு. பாதி மீச போச்சு. கன்னெல்லாம் கருகிக் குச்சியா நிக்குது.

ரேஞ்சர் வந்து பாத்தாரு. "மழ பெய்யட்டும் அருள்சாமி. தளிரு உடலீன்னா குழி வெட்டி நர்சரிக் கன்னக் கொண்டாந்து வெச்சிருவோம்."

அவ்வளவுதான். மனுசன் குட்டி போட்ட பூனையாட்டம் ஊட்டுக்கும் காட்டுக்கும் நடக்கறாரு. மேகம் வந்தா எந்திரிக்கறாரு, போனா வானத்த வையறாரு.

"ஏனுங்க, நீங்க மொறைக்கற மொறைப்புல மழ பயந்து ஆந்திராவுக்கே போயிருச்சு" - தெரசம்மா.

"உசுரு இருக்குதான்னு தெரியோணுமில்ல புள்ள?"

"இருந்தா அது வரும். நீங்க போய்க் கூப்புடோணுமா?"

மனசு கேக்குதா? மறுநா அருவா நுனியில ஒரு குச்சியத் தோண்டிட்டாரு. வேரு போவுது, போவுது, சேலத்துக்கே பஸ் ஏறிருச்சாட்டம். பாதில பட்டுன்னு அறுந்துச்சு. நகத்தால கீறுனா உள்ள ஈரம்! மேலதான் செத்துருக்குது, அடியில உசுரு. அந்த உசுர இவரே அறுத்துப்புட்டாரு.

சந்தோசப்படறதா, தலையில அடிச்சுக்கறதா? பக்கத்துக் குச்சியப் பாத்தாரு. கை துருதுருங்குது. ஓடியாந்து அருவாவச் சம்சாரத்துக்கிட்டக் குடுத்துட்டாரு. "மழ வர்ற வரைக்கும் எனக்குக் குடுக்காத."

"கேட்டாலுமா?"

"அழுதாலும்."

சித்திரையில கொட்டுச்சு மழ. குச்சிங்களோட அடியிலருந்து பச்சப் பசேல்னு தளிரு. ரேஞ்சர் சுத்தி வந்து, "குழியெல்லாம் வேண்டாம், உட்டுருங்க"ன்னாரு. அருள்சாமி அப்பத்தான் மூச்சு உட்டாரு.

அப்பறம் அந்தத் தோண்டுன குச்சியக் காட்டி, "இது ஒண்ணு மட்டும் ஏன் வரல?"ன்னாரு ரேஞ்சர்.

அருள்சாமி மேகத்தப் பாத்தாரு. கூட வந்திருந்த தெரசம்மாதான் சொல்லுச்சு: "அதுங்களா? அத மட்டும் இவரு நல்லாப் பாத்துக்கிட்டாருங்க."