கடைசிப் பீரியட்

எங்கள் மேற்கு டெக்சாஸ் ஊரில் பள்ளி அட்டவணையைக் கடைசிப் பீரியடிலிருந்து பின்னோக்கித்தான் போடுவார்கள். கடைசிப் பீரியட் ஃபுட்பாலுக்கு. ஹெல்மெட் மாட்டிக்கொண்டு முட்டி மோதுவார்களே, அந்த ஃபுட்பால். அதற்கும் மார்க் உண்டு. மணி அடித்த பிறகும் பயிற்சி இருட்டும்வரை நீளும். மிச்சமிருக்கிற பீரியடுகளில் கணக்கும் அறிவியலும் ஒண்டிக்கொள்ளலாம். நான் அங்கே இயற்பியல் வாத்தியார். எழுதும்போதே வயிறு எரிகிறது.

வெர்னா ஸ்டாட்லர் பள்ளியின் ஆலோசகர். எது கட்டாயப் பாடம், எது விருப்பப் பாடம், யாருக்குக் கல்லூரித் தரத்தில் எந்த உயர்நிலை வகுப்பு என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் பார்த்துப் பொருத்துகிறவர். அவர் அறைச் சுவரில் ஓர் இரும்புப் பலகை. வகுப்புக்கு ஒன்றாகக் காந்தத் துண்டுகள். வசந்த விடுமுறை முடிந்ததும் கோச் ரக்கர்ட் சூயிங்கம் மென்றபடி உள்ளே வருவார். ஃபுட்பால் காந்தத்தைத் தன் கையாலேயே கடைசிப் பீரியட் கட்டத்தில் ஒட்டுவார். அதன் பிறகுதான் வெர்னா மற்றதைத் தொடலாம். வருடா வருடம் இதே கூத்து.

வெர்னாவுக்கு ஆட்டத்தின் மேல் பகையில்லை. வெள்ளிக்கிழமை ஆட்டத்துக்குத் தவறாமல் மைதானத்தில் சீஸ் ஊற்றிய நாச்சோ சிப்ஸ் விற்பார், தொண்டை கட்டும்வரை கத்துவார்.

அந்த வருடம் டிரெஸ்ஸா போஹனன் என்ற பெண் உயர்நிலை இயற்பியல் கேட்டாள். அம்மா மோட்டலில் அறை துடைக்கிறவள். மகளுக்குப் பொறியியல் ஆசை. அந்தப் பாடம் இல்லாவிட்டால் அவள் விரும்பிய கல்லூரி ஏறெடுத்தும் பார்க்காது. காலையில் நான் நடுநிலைப் பள்ளியில் மாட்டிக்கொள்வதால் எனக்குக் காலியாக இருந்தது கடைசிப் பீரியட் மட்டுமே. பத்துப் பேராவது சேராமல் வகுப்பு நடக்காது. கேட்டவர்களில் பாதிப் பேர் அந்நேரம் மைதானத்தில் நிற்க வேண்டிய ஃபுட்பால் பையன்கள்.

வெர்னா ஃபுட்பால் காந்தத்தைப் பிடுங்கி முதல் பீரியடில் ஒட்டினார். மறுநாளே கோச் வந்து நின்றார்.

"என்ன வெர்னா, கை தவறிப் போச்சா?"

"தவறல. தெரிஞ்சுதான் ஒட்டினேன்."

"காலங்காத்தால பசங்க எந்திரிப்பானுங்களா?"

"வெயில்ல சுருண்டு விழுறதுக்கு அது தேவலாம். உன் பசங்களே அந்தப் பாடம் கேட்டிருக்கானுங்கப்பா!"

"அவனுங்களுக்கு என்ன தெரியும்? ஒத்தப் பொண்ணுக்காக ஊரையே பொரட்டிப் போடப் பாக்குறியா?"

ஊரும் அதையேதான் சொன்னது. பள்ளிக் குழுக் கூட்டத்தில் அதுவரை தலைகாட்டாத தகப்பன்மார் எல்லாம் அன்றைக்கு டீம் தொப்பியோடு வந்து உட்கார்ந்தார்கள். "நாச்சோ விக்கிற அம்மாவா நமக்கு ஆட்டம் சொல்லித் தர்றது?" என்று ஒருவன் கேட்டான். கூடம் சிரித்தது. பிரின்சிபாலும் சிரித்தார். வெட்கங்கெட்ட சிரிப்பு. காந்தம் கடைசிக்கே போனது. இயற்பியல் ரத்து.

டிரெஸ்ஸாவின் காலிப் பீரியடை எதையாவது வைத்து அடைக்க வேண்டுமே! பிரின்சிபாலே அடைத்தார்: 'கோச்சுக்கு உதவியாளர்.' ஆட்டக்காரர்களுக்குத் தண்ணீர் பாட்டில் நிரப்பும் வேலை. அதற்கும் மார்க் உண்டு.

பள்ளி திறப்பதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை பிள்ளைகள் அட்டவணை வாங்க வந்தார்கள். நானும் அந்த அறையில் இருந்தேன். டிரெஸ்ஸா தன்னுடையதைக் கடைசி வரிவரை படித்தாள். அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

"மிஸ் வெர்னா, தண்ணி ரொப்புறதுல நூத்துக்கு நூறு வாங்கினா இஞ்சினியரிங்ல சேத்துப்பாங்களா?"

வெர்னா திரும்பிச் சுவரிலிருந்த பலகையைப் பார்த்தார். அந்தப் பெண் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

திங்கட்கிழமை பள்ளி திறந்தபோது வெர்னாவின் மேஜை துடைத்து வைத்தாற்போல் கிடந்தது. பலகையில் கணக்கு இல்லை, ஆங்கிலம் இல்லை, வரலாறு இல்லை. கடைசிக் கட்டத்தில் ஃபுட்பால் மட்டும் ஒட்டியிருந்தது.

பிரின்சிபால் பதறிப்போய் அவர் வீட்டுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் நாங்கள் எல்லோரும் கேட்டோம்.

"என்ன வெர்னா இது? பலகை மொத்தமும் காலியா கெடக்கே!"

"இதைத்தானேய்யா ஊரே கூடி கேட்டீங்க?" என்றார் வெர்னா. போனை வைத்துவிட்டார்.